ரோஸ் தாடி

கிறிஸ்துமஸ் தாத்தா வாயைத் திறக்கக் கூடாது. எங்கள் சபையில் டிசம்பரில் வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் போகிறவர்களுக்கு இருக்கிற ஒரே கறாரான சட்டம் அதுதான். பாட்டு சுருதி சேராமல் போகலாம், வேன் பாதி வழியில் நின்று போகலாம், காபி கொடுக்கிற வீட்டில் அரட்டை அடித்து நேரத்தைக் கடத்தலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். தாத்தா மட்டும் பேசிவிடக் கூடாது. பேசினால் குரலை வைத்துப் பிள்ளைகள் ஆளைக் கண்டுபிடித்துவிடும். ஆடலாம், மணியடிக்கலாம், கை குலுக்கலாம், மிட்டாய் வீசலாம். யார் என்ன கேட்டாலும் பதிலுக்குத் தலையை மட்டும் ஆட்ட வேண்டும்.

என் வீட்டுக்காரர் பல வருஷம் அந்த முகமூடிக்குள் இருந்தார். திருநின்றவூரில் எங்கள் தெருவுக்கே அது தெரியும், தெரிந்தும் யாரும் சொல்லமாட்டார்கள். டிசம்பர் பிறந்தால் மளிகைக் கடைக்காரர் அவரிடமே, இந்த வருஷம் தாத்தா நம்ம பக்கம் வருவாரா என்று ஒன்றும் தெரியாதவர்போல் கேட்பார். இவரும் விசாரித்துச் சொல்கிறேன் என்பார். வீட்டில் குடித்த டம்ளரை எடுத்துக் கழுவி வைக்காத மனுஷன், அந்தச் சிவப்பு அங்கியை மாட்டிவிட்டால் தெருமுனையிலிருந்தே குதித்துக் குதித்து வருவார். அங்கியைத் தைத்தவள் நான். வயிற்றுக்குக் கட்டுகிற தலையணை என் தலையணை. முகமூடியோடு வந்த பஞ்சுத் தாடி உதிர்ந்துபோனபோது, வெள்ளை உல்லன் நூலைக் கத்தை கத்தையாகக் கட்டிப் புதுத் தாடி செய்து கொடுத்தவளும் நான்தான். ஊருக்கெல்லாம் ஆடிக் காட்டுகிற ஆள், வீட்டுக்குள் வந்தால் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

அவர் ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். மாமனார் தெற்கிலிருந்து வேலைக்கு வந்து அங்கேயே ரிட்டயர் ஆனார். அதற்குப் பிறகு சேக்காட்டில் வாடகைக்கு இருந்தோம். பிறகு திருநின்றவூரில் ஏரிக்கு அந்தப் பக்கம் மனை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வீடு கட்டினோம். ஏன் மலிவு என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. நான் திருச்சிக்காரி. கல்யாணமான புதிதில் அவர் போனில் "ஊட்டுக்குத்தான் வந்துகினு கீறேன்" என்று சொல்வதை என் தங்கச்சியிடம் அப்படியே பேசிக்காட்டிச் சிரிப்பேன். வாய் அதிகம் என்று மாமியார் வீட்டில் எனக்குப் பெயர். அவர் பேசாததையும் சேர்த்து நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் அவருக்கு வேலை. கேரல் ரவுண்ட்ஸில் டிரம் அடிக்கிறவரும் அதே இடத்தில்தான் வேலை பார்த்தார். இரண்டு பேரும் ஒரே ரயிலில் போய் ஒரே ரயிலில் திரும்புவார்கள். நவம்பர் வந்துவிட்டால் ரயில் பெட்டியின் சுவரிலேயே ஒத்திகை தொடங்கிவிடும். டிரம்காரர் விரலால் தட்டுவார், இவர் கம்பியைப் பிடித்தபடி காலை மாற்றி மாற்றி வைப்பார். சில நாள் ஆட்டம் சூடு பிடித்து ஸ்டேஷனைத் தாண்டிப் போய் அடுத்த ரயிலில் திரும்பி வருவார்கள். வேறு யார் டிரம் அடித்தாலும் இவருக்குக் கால் எழும்பாது.

ஊரடங்கு போட்ட வருஷத்தில் அந்த டிரம்காரருக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள், திரும்பி வரவில்லை. கல்லறைக்கு ஆள் சேரக் கூடாது என்றார்கள். இவர் ரோட்டோரமாக நின்று, வண்டி கடந்து போனதை மட்டும் பார்த்துவிட்டு வந்தார். குளித்தார், சாப்பிட உட்கார்ந்தார், இரண்டு வாய் பிசைந்துவிட்டுத் தட்டிலேயே கை கழுவினார். கொஞ்ச நாளில் பிரஸ் ஷாப் மறுபடி திறந்தது. பாதிப் பேரைத்தான் கூப்பிட்டார்கள், இவரைக் கூப்பிடவில்லை. நாட்டில் எல்லார் வீட்டிலும் அந்த வருஷம் ஏதோ ஒன்று இப்படிப் போய்க்கொண்டிருந்ததால், எங்கள் வீட்டில் போனதைப் பெரிதாகச் சொல்லி அழவும் கூச்சமாக இருந்தது.

அவர் பேச்சு அதிலிருந்து குறைய ஆரம்பித்தது. கேட்டதற்குப் பதில் வரும். பிறகு கேட்டதற்குத் தலையசைப்பு வந்தது. பிறகு அதுவும் இல்லை. சண்டைக்கு இழுத்துப் பார்த்தேன். உப்பில்லாமல் குழம்பு வைத்துப் பார்த்தேன். அதையும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

நவம்பர் கடைசியில் புயல் வந்தது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிய ஆரம்பித்ததும் தண்ணீர் தன் பழைய பாதையில் வந்தது. அந்தப் பாதையில்தான் எங்கள் தெரு இருக்கிறது. விடிந்தபோது வாசற்படி தெரியவில்லை, காபி போடுவதற்குள் கட்டில் கால் தெரியவில்லை. மகளை ஆன்லைன் வகுப்புக்காக ஏற்கெனவே திருச்சியில் என் தங்கச்சி வீட்டில் விட்டிருந்தோம், அது ஒரு நிம்மதி. நாங்கள் இரண்டு பேரும் கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினோம். அடுப்பு, அரிசி டின், பாய், பீரோவின் மேல்தட்டுத் துணி, அவ்வளவுதான் ஏறியது. என் தையல் மிஷின் கீழேயே முழுகியது. தெருப் பெண்களின் பாதி தைத்த ஜாக்கெட்டுகள் ஹாலில் மிதந்துகொண்டிருந்ததை மாடிப்படியில் நின்று பார்த்தேன். அந்த நேரத்தில் என் மனசில் ஓடியது, யார் அளவு எது என்று இனி எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான்.

மாடியில் தகர ஷீட் போட்ட ஓர் அறை உண்டு. உடைந்த நாற்காலி, கிறிஸ்துமஸ் குடிலுக்கான வைக்கோல், பழைய டயர் எல்லாம் போட்டு வைக்கிற அறை. அதை ஒதுக்கிக்கொண்டு அதில் இருந்தோம். மழை விட்டால் ஷீட் காயும், வியர்த்துக் கொட்டும். மழை வந்தால் பேசுகிற சத்தம் கேட்காது. எங்களுக்குள் பேச்சே இல்லாததால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. நாலு பக்கமும் தண்ணீர். பால் பாக்கெட்டும் குடிதண்ணீரும் முதலில் படகில் வந்தன, பிறகு டயர் டியூபில் வந்தன, பிறகு நானே இடுப்பளவு தண்ணீரில் போய் லாரியில் பிடித்துக் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். மழை நின்றும் தண்ணீர் போகவில்லை. போக வழியில்லாமல் அப்படியே நின்று பச்சை நிறமானது. தெருவில் எல்லாருக்கும் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண். மருத்துவ முகாமில் ஊதா நிற மருந்தைத் தடவி அனுப்பினார்கள். ஊர் முழுக்க ஊதாக் காலோடு நடந்தோம்.

அவர் கால் மட்டும் சுத்தமாக இருந்தது. ஏனென்றால் மேலே ஏறின அன்றைக்குப் பிறகு அவர் கீழே இறங்கவே இல்லை. தண்ணீர் மார்பளவு இருந்தபோது இறங்காதது சரி. இடுப்பளவு ஆனது, முழங்கால் ஆனது, அப்போதும் இறங்கவில்லை. மாடிப் படியின் முதல் படிவரை வருவார், தண்ணீரைப் பார்ப்பார், திரும்பிப் போய்ப் பாயில் சுவர்ப்பக்கம் முகத்தை வைத்துப் படுத்துக்கொள்வார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. காலில் புண்ணோடு குடம் சுமந்து வந்த எரிச்சல். ஒரு குடமாவது எடுத்து வரக் கூடாதா, கீழே இறங்கினால் என்ன குறைந்துவிடும் என்று கத்தினேன். அவர் திரும்பாமலேயே கேட்டார்.

"கீழ எனக்கு இன்னா கீது?"

ஒரு மாதத்தில் அவர் என்னிடம் பேசிய ஒரே முழு வாக்கியம் அதுதான். நான் அந்தக் குடத்தோடு அப்படியே நின்றேன். கீழே போய்வந்துகொண்டிருந்தது நான்தானே, நான் ஒன்றுமில்லையா என்று நாக்கு நுனிவரை வந்தது. வாய்க்காரி என்று பெயரெடுத்தவளுக்கு அன்று வாய் வரவில்லை. மறுநாள் காலையில் அவர் கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திச் சாய்ந்து, கீழே பச்சைத் தண்ணீரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். அதற்குப் பிறகு என் பாயைக் கதவுக்குக் குறுக்காகப் போட்டுப் படுத்தேன். தண்ணீர் வடியும் என்று எனக்குத் தெரியும், என்றைக்காவது வடிந்துதான் ஆக வேண்டும். இந்த மனுஷன் படி இறங்குவாரா என்றுதான் தெரியவில்லை. அந்த அறையில் நான் மாட்டிக்கொண்டது தண்ணீரால் இல்லை என்பது அப்போது புரிந்தது. வெளியே போகவும் முடியவில்லை, இவரை விட்டுப் போனால் திரும்பி வரும்போது என்ன பார்ப்பேனோ என்ற பயம். லாரிக்குப் போனால் குடம் நிறைகிறவரை மாடியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் எதிர்வீட்டுக்காரி அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகிறவள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீடு, ஆனாலும் டிசம்பர் பிறந்தால் வாசலில் காகித ஸ்டார் கட்டிவிடுவாள். ஸ்டார் கட்டின வீட்டுக்குத்தான் கேரல் பார்ட்டி உள்ளே வரும் என்பதால், அவள் மகளுக்காகப் பல வருஷமாக நடக்கிற வழக்கம் அது. அந்த வருஷமும் கட்டினாள். வாசலில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது, மெத்தை மரத்தில் தொங்குகிறது, இவள் ஒரு மூங்கில் கழியை ஜன்னல் கம்பியில் செருகி, அதன் நுனியில் பழைய ஸ்டாரை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கை கிழிந்து, அதில் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. வேலையை முடித்துவிட்டு எங்கள் மாடியை அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னாக்கா, நீங்க இன்னும் ஸ்டாரு கட்லயா? தாத்தா ஊடு தெரியாம பூடப்போறார்."

எனக்குச் சுருக்கென்றது. ஆதியிலிருந்து கிறிஸ்தவர்கள் நாங்கள், எங்களுக்கு அந்த நினைப்பே இல்லை. கிறிஸ்துமஸ் வருகிறதா என்றுகூட நான் பார்க்கவில்லை. அறைக்குள் திரும்பிப் பார்த்தேன். அவர் பாயில் படுத்திருந்தார். அவள் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும். தோள் மட்டும் ஒருமுறை அசைந்தது.

சில நாள் கழித்துக் கேரல் குழுவை நடத்துகிற அண்ணன் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தார். அவர் சபையில் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவர். இந்த வருஷம் ரவுண்ட்ஸ் வேண்டாம் என்றுதான் முதலில் முடிவாகியிருந்தது, பிறகு தண்ணீர் நிற்கிற தெருக்களுக்கு மட்டுமாவது போவோம் என்று மாற்றியிருக்கிறார்கள். தெருவிளக்கு இல்லை, பள்ளம் தெரியாது, பாம்பு பயம் வேறு, அதனால் பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானத்திலேயே, நாலைந்து பேராக, யார் வீட்டுக்குள்ளும் போகாமல் தெருவில் நின்று பாடிவிட்டுப் போவதாகத் திட்டம். டிரம்மைக் கேட்கப் போனபோது, இறந்த டிரம்காரரின் மனைவி தாமே துடைத்து எடுத்துக் கொடுத்தாராம், சும்மா கிடக்க வேண்டாம் என்று. இதையெல்லாம் கீழேயிருந்து எனக்குச் சொல்லிவிட்டு, தாத்தா வருவாரா என்று மாடியைப் பார்த்துக் கேட்டார்.

நான் உள்ளே போய்க் கேட்டேன். மறுபடி கேட்டேன். துணியை வேறு யாருக்காவது கொடுத்துவிடு என்பதுபோலக் கையை மட்டும் வீசினார். கைப்பிடிச் சுவருக்குத் திரும்பி வந்து, அங்கியைக் கொடுத்தனுப்புகிறேன், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொன்னேன். அந்த அண்ணனும் மேற்கொண்டு கேட்கவில்லை. வாலிபர் கூட்டத்தில் ஒருவரிடம் சொல்கிறேன் என்று திரும்பிப் போனார்.

பீரோவின் கீழ்த்தட்டில் ரெக்ஸின் பையில் இருந்தது எல்லாம். பையில் சேறு. முகமூடி பிளாஸ்டிக், துடைத்ததும் பளிச்சென்று வந்துவிட்டது. அங்கியும் தாடியும் நாற்றம் பிடித்துக் கிடந்தன. நல்ல தண்ணீர் என்பது அன்றைக்கு நான் சுமந்து வந்தது மட்டும்தான். துணி தைக்கிறவள் நான், சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாக ஊறப் போடக் கூடாது என்று வாடிக்கைக்காரிகளுக்கெல்லாம் புத்தி சொல்கிறவள். இருந்தாலும் தண்ணீரைப் பார்த்தேன், மாடிப்படியைப் பார்த்தேன், இரண்டையும் ஒரே வாளியில் அமுக்கினேன். காலையில் கொடியில் பிழிந்து போட்டபோதுதான் பார்த்தேன். தாடி ரோஸ் கலரில் இருந்தது. லேசாக இல்லை, தெருவில் விற்கிற பஞ்சுமிட்டாய் நிறம். அலசிப் பார்க்கத் தண்ணீரும் இல்லை, வேறு நூல் வாங்கப் போகக் கடையும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு என் பங்கு இதுதான் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம் தெருவில் கணுக்கால் தண்ணீர்தான் இருந்தது. எதிர்வீட்டுச் சுவரோரம் கேரல்காரர்கள் வந்து நிற்பதைப் பார்த்து, பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவர் வழக்கம்போல் உள்ளே படுத்திருந்தார். தாத்தாவாக வருவதாகச் சொன்ன வாலிபருக்குக் காலையிலிருந்து குளிர் காய்ச்சலாம், வரவில்லையாம். எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டு நின்றார்கள். தாத்தா இல்லாமலே பாடிவிட்டுப் போகலாம் என்றார் அந்த அண்ணன். அதற்குள் தெருப் பிள்ளைகள் படியிலும் சுவர் மேலும் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டன. எதிர்வீட்டுக் குட்டிக்கு அவள் அம்மா பவுடர் பூசி, நனையாமல் தப்பித்த ஒரே கவுனைப் போட்டுவிட்டிருந்தாள். எல்லாக் கால்களும் ஊதா.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. புயல் மேல் கோபம், மனை விற்றவன் மேல் கோபம், காய்ச்சல் மேல், செத்துப்போன டிரம்காரர் மேல், மேலே படுத்திருக்கிறவர் மேல் எல்லாம் சேர்ந்து வந்தது. இந்த வருஷம் எல்லாமும்தான் இல்லை என்று ஆகிவிட்டது, இதுவும் இல்லை என்று நான் போய் அந்தக் குட்டியிடம் சொல்ல வேண்டுமா? அங்கியை நானே போடுகிறேன் என்றேன். பொம்பளையா என்று ஒருவர் இழுத்தார். முகமூடிக்குள் ஆம்பளை என்ன பொம்பளை என்ன என்று கேட்டுவிட்டு எதிர்வீட்டுக்குள் நுழைந்தேன். எதிர்வீட்டுக்காரிதான் கதவைச் சாத்திவிட்டு, தலையணைக்குப் பதில் தன் ஈரப் போர்வையைச் சுருட்டி என் வயிற்றில் கட்டினாள். தாடியைப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முகமூடியை மாட்டியதும் உலகம் இரண்டு ஓட்டைக்குள் அடங்கிப்போனது. மூச்சு திரும்பி முகத்திலேயே அடித்தது. அறைக்குள் அடைந்திருந்தவள் இப்போது இன்னும் சின்ன அறைக்குள் வந்துவிட்டேன் என்று தோன்றியது. கழுவின பிறகும் உள்ளே அவருடைய வாசனை இருந்தது. பல வருஷத்து வியர்வை, அவர் தலைக்குத் தடவுகிற எண்ணெய். கல்யாணமாகி இத்தனை காலத்தில் இவ்வளவு நெருக்கத்தில் அதை நான் முகர்ந்ததில்லை. அங்கேயே எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. துடைக்க முடியாது. வழிந்தது. பிறகுதான் ஒன்று உறைத்தது, உள்ளே நான் அழுவது வெளியே ஒருவருக்கும் தெரியாது. வெளியே தாத்தா சிரித்த முகமாகவே இருந்தார். இந்த மனுஷனும் எத்தனை டிசம்பரில் இதற்குள் எதையெல்லாம் அழுது தீர்த்திருப்பார், நான் பேப்பருக்குப் பின்னால் இருந்த முகத்தையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறேனே என்று நினைத்தேன்.

வெளியே வந்தேன். பாட்டு தொடங்கியது. டிரம்மை அந்த அண்ணனே கழுத்தில் மாட்டிக்கொண்டு, பாடிக்கொண்டே அடித்தார். பாட்டு ஒரு பக்கம் போனது, அடி ஒரு பக்கம் போனது. நான் மணியை ஆட்டிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் காலைத் தூக்கிப் போட்டேன். எனக்கு ஆடத் தெரியாது. சளக் சளக்கென்று சேறு தெறித்தது. போர்வை அவிழ்ந்து வயிறு ஒரு பக்கமாக இறங்கியது. பிள்ளைகள் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தன. பிறகு எதிர்வீட்டுக் குட்டி சுவரிலிருந்து கத்தினாள், "தாத்தா தாடி ரோஸு!"

தெருவே சிரித்தது. மாடிகளிலிருந்தெல்லாம் தலைகள் எட்டிப் பார்த்தன. ஒரு மாதமாக மாடியிலிருந்து தண்ணீரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த தலைகள். அந்தச் சிரிப்புக்கு நடுவே ஒரு சிரிப்பு கேட்டது. மூக்கால் இழுத்து, பிறகு அடங்காமல் வெடிக்கிற சிரிப்பு. அதை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். அண்ணாந்து பார்த்தேன், ஓட்டை வழியாகச் சரியாகத் தெரியவில்லை. எங்கள் கைப்பிடிச் சுவரில் அவர் நின்றுகொண்டிருந்தார். என் வீட்டு பீரோவில் இருந்த அங்கி, நான் கட்டின தாடி, யார் உள்ளே என்று அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. நான் இன்னும் வேகமாக ஆடினேன். கால் வழுக்கி விழப்பார்த்துச் சமாளித்தேன்.

மறுபடி அண்ணாந்தபோது சுவரில் ஆளைக் காணவில்லை. மணியை ஆட்டுவதை நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் ஆடு தாத்தா, ஆடு தாத்தா என்று கத்துகின்றன. முகமூடியை இழுத்துப் போட்டுவிட்டு ஓடலாமா என்று கை தாடிவரை போனது. அப்போது எங்கள் மாடிப்படியில் அவர் தெரிந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக, புதிதாக நடக்கப் பழகுகிறவர்போல இறங்கிக்கொண்டிருந்தார். கடைசிப் படியில் நின்றார். தண்ணீரைப் பார்த்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காலை உள்ளே வைத்தார்.

நேராக டிரம் அடிக்கிற அண்ணனிடம் போனார். என்னைப் பார்க்கவில்லை. "அது அப்டி இல்லண்ணாத்தே, இங்க குடு" என்று கை நீட்டினார். அண்ணன் வாரைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டினார். ஏதோ வாங்கக் கூடாததை வாங்கிக்கொண்டவர்போல அவர் அதன் தோல் மேல் உள்ளங்கையை வைத்து நின்றார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. பிறகு குச்சியை எடுத்து அடித்தார். ரயில் பெட்டிச் சுவரில் இரண்டு பேரும் தட்டிக்கொண்டு வருவார்களே, அதே அடி. முதலில் மெதுவாக வந்தது, பிறகு நிதானமாகப் பிடித்துக்கொண்டது. அவர் அடிக்க நான் ஆடினேன். அப்போதும் எனக்கு ஆட வரவில்லை, ஆனால் எந்த இடத்தில் கால் வைக்க வேண்டும் என்று அந்த அடி சொல்லிக்கொடுத்தது. தண்ணீர் நின்ற தெருக்களில் எல்லாம் போனோம். ஸ்டார் கட்டின வீடு, கட்டாத வீடு என்று பார்க்கவில்லை. கூடத்தில் ஈரச் சுவரோடு நின்றவர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். கொண்டுபோன ஆரஞ்சு மிட்டாய் தீர்ந்த பிறகு சும்மா கையை வீசினேன், அதற்கும் பிள்ளைகள் பாய்ந்தன.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் தண்ணீர் வராமல் இல்லை. புயல் அடிக்கிற வருஷமெல்லாம் அரிசி டின்னை மாடிக்கு ஏற்றத்தான் வேண்டியிருக்கிறது. அவருக்கு வேலை கிடைக்கவும் வெகுநாள் ஆனது. அன்றைக்கு எதுவும் மாறிவிட்டதாக நான் சொல்லமாட்டேன்.

அன்று சுற்றி முடித்து எங்கள் தெருவுக்கே திரும்பினோம். எதிர்வீட்டுக்காரி எல்லாருக்கும் டீ போட்டாள். தாத்தா டீ குடிக்க முகமூடியைக் கழற்ற வேண்டும், பிள்ளைகள் இன்னும் போகவில்லை, அதனால் நான் ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றேன். அவர் டிரம்மைக் கழற்றி அண்ணனிடம் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்தார். சேறு பூசின காலோடு நின்றார். பிள்ளைகள் தாத்தாவின் அங்கியைப் பிடித்து இழுத்துக் காதில் ஏதாவது கேட்பார்களே, பென்சில் பாக்ஸ் வேண்டும், சைக்கிள் வேண்டும் என்று, அதே மாதிரி என் கையைப் பிடித்து இழுத்தார். குனிந்தேன். தாடியை விலக்கிவிட்டு முகமூடியின் காதருகில் பேசினார்.

"தாத்தா, ஒரு ஒதவி. எங்க ஊட்ல ஒருத்தி கீறா. கீழ எனக்கு இன்னா கீதுன்னு அவளாண்ட கேட்டுட்டேன். தப்பா கேட்டுட்டேன்னு சொல்லிடு. நான் சொன்னா அழுவா."

எனக்கு எவ்வளவோ சொல்ல இருந்தது. ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. எதிர்வீட்டுக் குட்டி என் அங்கியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தாத்தா பேசக் கூடாது. முகமூடிக்குள் மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் ஒழுகிக்கொண்டிருந்ததை உள்ளேயே இழுத்துக்கொண்டு, அவர் கையை இறுக்கிப் பிடித்து, சொல்லிவிடுகிறேன் என்று தலையை ஆட்டினேன்.